போர்வெல் வண்டியில் ஒரு முள் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மதுரைப் பதிப்பில் போர்வெல் பற்றி வந்த செய்தியைப் படித்தேன். ஆயிரம் அடிக்கு மேல் துளைத்தார்களாம், மூன்று இஞ்சு தண்ணீர் பீய்ச்சியதாம், ஊரே கூடி நின்று கும்பிட்டதாம், ஆறே மாதத்தில் வற்றிவிட்டதாம். செய்தி எழுதியவர் மழை இல்லாததைச் சொன்னார், மரம் வெட்டியதைச் சொன்னார், எல்லாம் சரிதான். ஆனால் அந்த மூன்று இஞ்சை யார் அளந்தார்கள், எப்போது அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள் என்று ஒரு வரி இல்லை. எனக்கு அதுதான் உறுத்தியது, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டிப் போட்டாலும் சரி, கணக்கை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் இருபத்து இரண்டு வருடம் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்குகளில் வேலை பார்த்தவன். முதலில் காரைக்கால் பக்கம், அப்புறம் வளைகுடாவில். இப்போது மேலூர் பக்கம் ஊரோடு வந்துவிட்டேன். எங்கள் ஆட்கள் நான் ஏதோ பெட்ரோலை வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறார்கள். உண்மையில் கடைசிப் பத்து வருடம் நான் செய்த வேலை, குழாய்க்குள் காற்றும் தண்ணீரும் எண்ணெயும் கல்தூளும் சேர்ந்து மேலே ஏறும்போது எவ்வளவு அழுத்தம் வழியில் தொலைந்துபோகிறது என்று கணக்குப் போடுவது. அது நம்ம ஊர் போர்வெல்லுக்கு இவ்வளவு பொருந்தும் என்று எனக்கே போன வருடம்தான் உறைத்தது, மச்சான் தென்னந்தோப்பில் போர் போட்டபோது.

முதலில் அந்த எண்ணெய்க் கிணற்று விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. சாதாரணமாக எண்ணெய்க் கிணறு தோண்டும்போது துளை நிறையக் கனமான சேறு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சேற்றின் எடை பாறைக்குள் இருக்கும் எண்ணெய், வாயுவின் அழுத்தத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள், கிணறு பொங்கிவிடக் கூடாது என்று. ஆனால் அதில் ஒரு கெடுதல், சேறு பாறையின் கண்களுக்குள் புகுந்து அடைத்துவிடும். பிற்பாடு எண்ணெய் வர வேண்டிய வழியை நாமே பூசி மெழுகியது மாதிரி. அதனால் சில கிணறுகளில் வேண்டுமென்றே துளைக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பாறையின் அழுத்தத்துக்குக் கீழே வைத்துத் தோண்டுவார்கள். திரவத்தோடு நைட்ரஜனைக் கலந்து இறக்கினால் அதன் எடை குறையும். காற்றை விட்டால் எண்ணெய் வாயுவோடு சேர்ந்து தீப்பிடிக்கும், அதனால் நைட்ரஜன். அப்போது தோண்டத் தோண்டவே எண்ணெயும் வாயுவும் துளைக்குள் வந்து, நாம் விட்டதோடு கலந்து மேலே ஏறும்.

சரி, நம்ம ஊர் போர்வெல் வண்டி என்ன செய்கிறது? சேறு கிடையாது. கம்ப்ரசர் காற்றை ராடு என்கிற நீண்ட இரும்புக் குழாய் வழியாக இறக்குகிறது, அடியில் ஹேமர் என்கிற காற்றுச் சுத்தியல் அடிக்கிறது, அதன் முனையில் இருக்கிற பிட் பாறையை நொறுக்குகிறது, ராடுக்கும் பாறைச் சுவருக்கும் நடுவில் இருக்கிற வளையம் போன்ற இடைவெளி வழியாகக் காற்று தூளை அள்ளிக்கொண்டு மேலே வருகிறது. துளைக்குள் அழுத்தம் அநேகமாக ஒன்றுமில்லை. வெடிப்பில் தண்ணீர் தட்டுப்பட்ட நொடியே அது உள்ளே பாய்கிறது. வளைகுடாவில் கோடிக்கணக்கில் செலவழித்து, கம்ப்யூட்டர் வைத்து, பத்துப் பேர் ராத்திரி முழுக்க விழித்திருந்து செய்ததை, திருச்செங்கோட்டு வண்டிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டே நம் தோட்டங்களில் செய்துவிட்டுப் போகிறார்கள். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அவர்கள் கைத்திறனுக்கு முன்னால் எங்கள் ரிக்கில் பாதிப் பேர் நிற்க முடியாது. ஒரே ஒரு வித்தியாசம், நாங்கள் அழுத்தத்தை எழுதி வைப்போம். இங்கே யாரும் எழுதுவதில்லை.

அந்த அழுத்தக் கணக்கு ஏன் தொல்லை பிடித்தது என்று சொல்கிறேன். வெறும் தண்ணீர் நிற்கிற குழாய் என்றால் சின்னப் பிள்ளை கணக்கு: 2.31 அடித் தண்ணீருக்கு ஒரு பவுண்டு அழுத்தம் (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு என்று அர்த்தம்). 231 அடி என்றால் 100 பவுண்டு. ஆனால் காற்றும் தண்ணீரும் சேர்ந்து ஓடும்போது குழாய்க்குள் எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் தங்கியிருக்கிறது என்று நேராகச் சொல்ல முடியாது, ஏனென்றால் இரண்டும் ஒரே வேகத்தில் போவதில்லை. மாட்டுத்தாவணியிலிருந்து மேலூருக்கு மணிக்குப் பத்து பஸ்ஸும் பத்து வைக்கோல் டிராக்டரும் கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் அரை மணியில் போய்ச் சேர்ந்துவிடும், டிராக்டருக்கு ஒன்றரை மணி ஆகும். நீங்கள் எப்போது மேலே நின்று பார்த்தாலும் சாலையில் ஐந்து பஸ்தான் இருக்கும், டிராக்டர் பதினைந்து இருக்கும். கிளம்பியது சரிபாதி, சாலையில் இருப்பது ஒன்றுக்கு மூன்று. காற்றுதான் பஸ், தண்ணீர்தான் டிராக்டர். நாம் அனுப்பிய விகிதத்தைவிட அதிகமான தண்ணீர் எப்போதும் குழாயிலேயே தங்கி, தன் எடையால் அடியை அழுத்திக்கொண்டிருக்கும்.

அதோடு முடியவில்லை. காற்று கொஞ்சமாக இருந்தால் கோலி சோடா மாதிரிக் குமிழ் குமிழாக ஏறும். கொஞ்சம் கூடினால் குமிழெல்லாம் சேர்ந்து பெரிய கட்டியாகி, ஒரு கட்டி காற்று, ஒரு கட்டி தண்ணீர் என்று மாறி மாறி வரும். போர் வாயில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், இருமி இருமித் துப்புகிற மாதிரி, ஒரு மூச்சு சும்மா இருந்துவிட்டு மறு மூச்சில் பொளேரென்று அடிக்கும். இன்னும் காற்று கூடினால் தண்ணீர் சுவரோடு படலமாக ஒட்டிக்கொண்டு ஏறும், நடுவில் காற்று சாரலைத் தூக்கிக்கொண்டு பறக்கும். ஒவ்வொரு நிலைக்கும் அழுத்தம் தொலைகிற விதம் வேறு. காற்றைக் கூட்டக் கூட்டத் தண்ணீரின் எடை குறைகிறது, ஆனால் வேகம் கூடுவதால் சுவரோடு உராய்கிற நஷ்டம் ஏறுகிறது. ஒன்று இறங்க ஒன்று ஏற, நடுவில் எங்கோ ஓர் இடத்தில் அடி அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும். அதைத் தாண்டியும் காற்றை விட்டால் அழுத்தம் மறுபடி ஏறும். இது தெரியாமல் காற்று நிறைய விட்டால் நல்லது என்று நினைப்பவர் உலகம் முழுக்க உண்டு, ரிக்கிலும் பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் சூத்திரங்கள் இருக்கின்றன. 1965-ல் ஹேகடார்னும் பிரவுனும் 1500 அடி ஆழச் சோதனைக் கிணற்றில் ஒன்று, ஒன்றேகால், ஒன்றரை அங்குலக் குழாய்களை இறக்கி அளந்தார்கள். 1973-ல் பெக்ஸ், பிரில் என்ற இருவர் அமெரிக்காவில் டல்சா பல்கலைக்கழகத்தில் 90 அடி நீளக் கண்ணாடி மாதிரியான அக்ரிலிக் குழாயில், அதுவும் ஒன்று, ஒன்றரை அங்குலம்தான், காற்றையும் தண்ணீரையும் விட்டு, குழாயைப் பல கோணங்களில் சாய்த்துச் சாய்த்து அளந்தார்கள். அந்தச் சூத்திரங்களைத்தான் நாங்களும் ஓட்டினோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவர்கள் பார்த்தது ஒல்லியான உருண்டைக் குழாய். நம்மிடம் இருப்பது நடுவில் சுற்றுகிற ராடு, சுற்றிலும் கரடுமுரடான பாறை, போதாததற்குக் கல்தூள். கணக்கு ஒன்று சொல்லும், அடியில் இறக்கின அழுத்தமானி வேறொன்று சொல்லும். ஒரு முறை ராத்திரி இரண்டு மணிக்குக் கம்ப்யூட்டர் நைட்ரஜனைக் கூட்டு என்றது, கூட்டினோம், அடி அழுத்தம் ஏறியது; இன்னும் கூட்டு என்றது. எங்கள் சீனியர் ஒருவர், நாகப்பட்டினத்துக்காரர், திரையைத் தன் துண்டால் மூடிவிட்டு, அழுத்தமானியைக் காட்டி, "முள்ளைப் பாருப்பா" என்றார். குறைத்தோம், அழுத்தம் இறங்கியது. உராய்வுப் பக்கத்துக்குப் போய்விட்டிருக்கிறோம், கணக்குக்கு அது தெரியவில்லை.

சரி, தென்னந்தோப்புக்கு வருகிறேன்.

நீரோட்டம் பார்ப்பவர் தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி இடம் குறித்துக் கொடுத்தார். (அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் வீட்டில் சோறு கிடைக்காது, விட்டுவிடுகிறேன்.) ஏஜென்ட் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஆறரை அங்குலப் போர், 40 அடிக்குக் கேசிங் பைப், அதற்குக் கீழே பாறை. எங்கள் பக்கத்துப் பாறையை நான் சொல்ல வேண்டியதில்லை, குவாரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பாறைக்குள் தண்ணீர் கிடையாது, வெடிப்பில்தான் தண்ணீர். மணலில் தோண்டுவது மாதிரி ஆழமாகப் போகப் போக நிச்சயம் கிடைக்கும் என்கிற கணக்கு இங்கே ஓடாது. மேலே இருக்கிற எடையில் வெடிப்புகள் இறுகிக்கொண்டு போகும், ஆழத்தில் ஒன்றிரண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

வண்டியில் 1100 சி.எஃப்.எம். கம்ப்ரசர், அதாவது நிமிடத்துக்கு 1100 கன அடிக் காற்று, உச்ச அழுத்தம் 350 பவுண்டு. கட்டுப்பாட்டுப் பலகையில் கைப்பிடிகளுக்கு நடுவே அழுத்தம் காட்டும் முள் வைத்த ஒரு கேஜ், கண்ணாடி விரிசல் விட்டு, கிரீஸ் படிந்து. நான் வேட்டி நுனியால் துடைத்தேன். ஆபரேட்டர் தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது, "என்னங்க சார் பாக்கறீங்க, அது நல்லாத்தான் வேலை செய்யுதுங்க" என்றார். "தம்பி, ஒரு உதவி பண்ணுங்க, நூறு அடிக்கு ஒருதரம் ராடைக் கொஞ்சம் தூக்கி, ஹேமர் அடிக்காம சும்மா ஊதுங்க, அப்ப முள் எங்க நிக்குதுன்னு நான் எழுதிக்கறேன்" என்றேன். ஹேமர் அடிக்கும்போது முள் காட்டுவதில் பெரும்பகுதி ஹேமர் தின்பது, அதில் துளையின் சங்கதி தெரியாது. அதனால்தான் தூக்கி ஊதச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். மச்சானின் பால் கணக்கு நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன்.

100 அடியில் 40 பவுண்டு. இது ஹோஸ், ராடு, ஹேமரின் துவாரம் எல்லாவற்றையும் தாண்டக் காற்றுக்கு ஆகிற செலவு. வெள்ளைப் புகை, தோப்பு முழுக்கத் தென்னை ஓலையில் மாவு பூசின மாதிரி. 180 அடியில் புகை நின்றது. எல்லாரும் தண்ணீர் என்று கத்தினார்கள். தண்ணீர் இல்லை, கசிவு. இதுதான் போர் ஓட்டுகிறவர்களுக்குப் பிடிக்காத இடம், தூள் ஈரமாகி இட்லி மாவு பதத்தில் ராடைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும், முள் ஏறும். 70 வரை போனது. தம்பி கொஞ்சம் தண்ணீர் விட்டு ஊதி, கழுவித் தள்ளினார். 290-ல் நிஜமாகவே தண்ணீர். 430-ல் இன்னொரு வெடிப்பு. 640-க்கு வந்தபோது சும்மா ஊதும்போது முள் 90-ல் நின்றது.

அங்கேதான் ஹோஸ் ஒன்று வெடித்தது. மாற்று ஹோஸ் மேலூரிலிருந்து வர இரண்டு மணி நேரம். ஏஜென்ட் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார், எனக்கு உள்ளூரச் சந்தோஷம், ஏனென்றால் இப்படி ஒரு சோதனையை நானாகக் கேட்டிருந்தால் செய்திருக்க மாட்டார்கள். ராடு 640 அடியிலேயே நிற்கிறது, துளையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. ஹோஸ் மாட்டிக் காற்றைத் திறந்தார்கள். முள் 100, 150, 200 என்று ஏறி 220-ல் ஒரு நிமிடம் அசையாமல் நின்றது. வாயில் ஒன்றுமே வரவில்லை. கூட்டம் அமைதியாகிவிட்டது. அப்புறம் தரை அதிர்ந்து, பனைமர உயரத்துக்குத் தண்ணீர் போனது. முள் மளமளவென்று இறங்கி 90-க்கு வந்தது.

ஊர் தண்ணீரைப் பார்த்தது, நான் நோட்டில் 220 என்று எழுதினேன். 220 பவுண்டு என்றால் 220 பெருக்கல் 2.31, ஏறக்குறைய 508 அடித் தண்ணீர். ராடு இருப்பது 640 அடியில். அப்படியானால் தண்ணீர் மட்டம் 132 அடி. கயிறு இல்லை, கருவி இல்லை, வண்டியிலேயே இருக்கிற முள் சொல்லிவிட்டது. வேலை முடிந்து மறுநாள் சாயங்காலம் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தேன், 128.

இன்னொன்றும் அந்த முள் சொன்னது. 640 அடியில் பாறைப் பக்கம் 220 பவுண்டு, ஊதிக்கொண்டிருக்கும்போது துளைப் பக்கம் 90-லிருந்து அந்த 40-ஐக் கழித்தால் அதிகபட்சம் 50. வித்தியாசம் 170 பவுண்டு. இவ்வளவு இழுப்பு இருந்தால், எத்தனையோ வருடமாக வெடிப்பில் சேர்ந்து கிடந்த தண்ணீரெல்லாம் ஓடி வரத்தானே செய்யும்? அதைப் பார்த்துவிட்டு இதுதான் கிணற்றின் தினசரி வரவு என்று சொல்வது, கல்யாணத்தன்று வந்த மொய்யைப் பார்த்து மாப்பிள்ளையின் மாதச் சம்பளம் என்று நினைக்கிற மாதிரி.

இஞ்சு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஏமாறாதவர்களே இல்லை. ஒரு தகரத்தில் 90 டிகிரிக்கு வி வடிவத்தில் வெட்டி, வாய்க்காலில் நிறுத்தி, வெட்டின் மூலையிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்ப்பதுதான் இஞ்சு. ஒரு இஞ்சு என்றால் மணிக்குச் சுமார் 500 லிட்டர். இரண்டு இஞ்சு என்றால் 1000 இல்லை, 2900. மூன்று இஞ்சு என்றால் 8000 லிட்டரைத் தொடும். அரை இஞ்சு கூட்டிச் சொன்னால் எவ்வளவு பொய் சொன்னதாக ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் பாதி இடத்தில் தகரமே வைப்பதில்லை, ஓடுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு, "ரெண்டரை இருக்குங்க" என்று கண்ணாலேயே அளக்கிறார்கள். நான் மச்சான் வீட்டு பிஸ்கட் டின்னை வெட்டித் தகரம் செய்து வைத்திருந்தேன். 640 அடியில் இரண்டு இஞ்சு.

அப்போது ஒரு சின்ன விளையாட்டு செய்து பார்த்தோம். தம்பியிடம், இன்ஜின் வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்றேன். காற்று குறைந்தால் தண்ணீர் குறையும் என்று அவர் நினைத்தார், எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். குறைத்தார், முள் 90-லிருந்து 80-க்கு இறங்கியது. தகரத்தில் தண்ணீர் அதே இரண்டு இஞ்சு. "எப்படிங்க சார்?" என்றார். தண்ணீர் கொஞ்சம், காற்று மிகுதி, இடைவெளி குறுகல், இங்கே காற்றின் பெரும்பாதி சக்தி சுவரோடு உராய்ந்தே போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். டீசல் மிச்சம் என்று சொன்னதும் அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது, அதற்கப்புறம் நான் கேட்காமலேயே முள்ளைப் படித்துச் சொல்ல ஆரம்பித்தார்.

ஏஜென்டுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவருக்கு அடிக்கு இவ்வளவு என்று காசு, அதுவும் ஆழம் போகப் போக அடிக்கான ரேட் ஏறும். "மச்சான், இன்னும் போனா பெரிய ஊத்து இருக்குன்னு சொல்றாரு" என்று எங்கள் மச்சான் என்னைப் பார்த்தார். தோட்டம் அவருடையது, பணமும் அவருடையது, தென்னை காய்ந்துகொண்டிருந்தது. நான் வேண்டாம் என்றேன், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. அது என் தப்பு.

880 அடி வரை போனார்கள். போகப் போகச் சத்தம் பெரிதானது, அடி பலமானது. ஏஜென்ட் ஒவ்வொரு ராடுக்கும், "பாருங்க, தள்ளு தள்ளுன்னு தள்ளுது" என்றார். நோட்டைப் பார்த்தால் சும்மா ஊதும் அழுத்தம் 90, 100, 110, 125. தகரத்தில் இரண்டு இஞ்சு, இரண்டு இஞ்சு, இரண்டு இஞ்சு. ஆழம் கூடியதால் அதே தண்ணீரைத் தூக்க வழியில் தொலைகிற அழுத்தம் கூடியிருக்கிறது, அதுதான் அந்தத் தள்ளு. புதிதாக ஒரு சொட்டு சேரவில்லை. 240 அடி, 12 ராடு, உச்ச ரேட்டில்.

தூளும் மாறியிருந்தது. 640 வரை கையில் நெருடுகிற மாதிரி கல் வந்தது, கடைசியில் வெறும் மாவு. இதற்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1957-ல் ஏஞ்சல் என்பவர் சொன்னது, காற்றால் தோண்டும்போது தூளை ஒழுங்காக மேலே ஏற்ற, சாதாரணக் காற்று நிமிடத்துக்கு 3000 அடி வேகத்தில் அடிக்கிற அளவு பலம் வேண்டும் என்று. நம் போரில் ஆறரை அங்குலத் துளைக்கும் நாலரை அங்குல ராடுக்கும் நடுவில் இருக்கும் இடம் 17 சதுர அங்குலம் சொச்சம். 1100 கன அடிக் காற்று அதன் வழியே வந்தால் வாயில் நிமிடத்துக்கு 9000 அடி வேகம், தாராளம். ஆனால் அடியில் 85 பவுண்டு அழுத்தம் (125-ல் அந்த 40 போக) சேர்ந்துவிட்டால் காற்று ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், வேகம் 1300 அடிக்கு வந்துவிடும். இறுகிய காற்றுக்குக் கனம் அதிகம் என்பதால் அங்கே 3000 வேண்டாம், 1130 போதும். அதாவது விளிம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். அதற்கு மேல் கல் ஏறாது, அடியிலேயே கிடந்து பிட்டுக்குள் மறுபடி மறுபடி அரைபட்டு மாவாகித்தான் வரும். ஹேமருக்கும் எதிரழுத்தம் கூடிவிட்டதால் அடி மந்தமாகிவிட்டது, ஒரு ராடு இறங்க எடுத்த நேரம் இரண்டு மடங்கு.

அப்படியும் ஏஜென்ட் ஆயிரத்தைத் தொட்டுவிடலாம் என்றார். அப்போது நான் சொன்ன ஒரே கணக்கு: ஆயிரம் அடியில் ராடை வைத்துவிட்டு ராத்திரி நிறுத்தினால், தண்ணீர் 130 அடிக்கு ஏறி நிற்கும், மேலே 870 அடித் தண்ணீர், அதைக் கிளப்ப 377 பவுண்டு வேண்டும், உங்கள் வண்டியில் இருப்பது 350. காலையில் காற்றைத் திறந்தால் ஒன்றும் நடக்காது, நாலைந்து ராடை உருவி, ஊதி, மறுபடி இறக்கி ஊதி, நேரம் வீணாகப் போகும். ஆபரேட்டர் தம்பி தலையை ஆட்டி, "சார் சொல்றது சரிதானுங்க, போன மாசம் ஒரு எடத்துல அப்டித்தான் மாட்டிக்கிட்டோம்" என்றார். அதோடு நின்றது.

பில்லில் ஏஜென்ட் எழுதினது: ஆழம் 880 அடி, தண்ணீர் இரண்டரை இஞ்சு. கேசிங் 40 அடி. வேறு ஒன்றுமில்லை.

மறுநாள் சாயங்காலம் கயிறு விட்டுப் பார்த்த பிறகு, 500 அடியில் மோட்டாரை இறக்கி, மணிக்கு 3000 லிட்டர் இழுக்கும்படி வைத்து ஓட்டினோம். ஆறரை அங்குலத் துளையில் ஓர் அடிக்கு ஆறரை லிட்டர் நிற்கும், ஆக 128 அடியிலிருந்து 500 அடி வரை மட்டும் 2400 லிட்டர் சேமிப்பு. ஒன்றேகால் மணி நேரம் ஜோராக ஓடியது. மச்சான் மனைவி, என் தங்கை, குடத்தில் பிடித்துச் சாமிக்கு வைத்தாள். அப்புறம் மோட்டார் காற்றை இழுத்து இரைய ஆரம்பித்தது. வால்வை மூடி மூடிப் பார்த்து, மட்டம் இறங்காமல் நின்ற இடத்தில் தகரத்தை வைத்தால் ஒரு இஞ்சுக்குச் சற்று மேல். இரண்டரை இஞ்சு என்று பில், அது மணிக்கு 5000 லிட்டர். கிடைப்பது 600-ஐ ஒட்டி. இரண்டரை இஞ்சை நம்பி மச்சான் வாங்க இருந்த மோட்டார் ஐந்து குதிரைச் சக்தி. வாங்கியிருந்தால் தினமும் காற்றை இழுத்துக் கருகியிருக்கும்.

எனக்கு ஏஜென்ட் மீதுகூடப் பெரிய கோபம் இல்லை. பனைமர உயரத்துக்கு அடிக்கிற தண்ணீரைப் பார்த்தால் யாருக்கும் இரண்டரை இஞ்சாகத்தான் தெரியும், காற்றின் ஆட்டத்தையும் தண்ணீரின் அளவையும் கண் பிரித்துப் பார்க்காது. என் கோபமெல்லாம் அந்த ஒற்றை வரிப் பில் மீதுதான். நூறு அடிக்கு ஒரு முறை ராடைத் தூக்கி ஊதி முள்ளைப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. அதையும், அந்தந்த ஆழத்தில் தகரத்தில் நின்ற உயரத்தையும், நிறுத்திவிட்டுத் திறக்கும்போது முள் தொட்ட உச்சத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எந்த ஆழத்தில் தண்ணீர் வந்தது, எந்த ஆழத்துக்கு அப்புறம் வீணாகப் போனோம், மோட்டாரை எங்கே இறக்க வேண்டும் எல்லாம் அதிலேயே இருக்கும். பக்கத்துத் தோட்டக்காரர் போர் போடும்போது அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அரசாங்கம் சட்டம் போடட்டும் என்று நான் காத்திருக்கவில்லை, அடிக்கு இவ்வளவு என்று பேரம் பேசும்போதே, "முள்ளையும் எழுதித் தரணும்" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். வண்டிக்காரர்கள் தர மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். அந்தத் தம்பி நோட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். இனிமேல் போர்வெல் செய்தி போடும்போது எத்தனை அடி, எத்தனை இஞ்சு என்பதோடு நிறுத்தாமல், அந்த இஞ்சு காற்று ஊதும்போது பார்த்ததா, மோட்டார் நாலு மணி நேரம் ஓடிய பிறகு பார்த்ததா என்று நிருபர் ஒரு கேள்வி கேட்கட்டும். பதில் கிடைக்காவிட்டால், "ஊதும்போது" என்று ஒரு சொல்லை முன்னால் சேர்த்துப் போடுங்கள்.

பிஸ்கட் டின் தகரம் மச்சான் வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. மேலூர், கொட்டாம்பட்டி பக்கம் யாராவது போர் போடுவதாக இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், திருப்பிக் கொண்டுவந்து மாட்டிவிட வேண்டும். ஏற்கெனவே இரண்டு பேர் வாங்கிப் போனார்கள், ஒருவர் மூலையை வளைத்துக் கொண்டுவந்துவிட்டார், அதனால் வாங்கும்போதே 90 டிகிரி சரியாக இருக்கிறதா என்று பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸ் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரிக் ஆள் ஒருவர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.